திருகோணமலை இருக்க ஏன் கொழும்பு?

கேள்வி இதுதான்: "உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் திருகோணமலையும் ஒன்று என்று பள்ளிப் புத்தகத்திலேயே படித்துவிட்டோம். அப்படியிருக்க இலங்கையின் ஏற்றுமதி இறக்குமதி எல்லாம் ஏன் கொழும்பில் நடக்கிறது? போதாததற்கு அம்பாந்தோட்டையில் நிலத்தைத் தோண்டி இன்னொன்று கட்டினார்களே, அது எதற்கு?"

நான் கொழும்பில் சரக்கு அனுப்பும் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் இருப்பவன். இந்தக் கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள், நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறேன். ஆலமர நிழல் இருக்கிறது என்பதற்காக எந்தப் பேருந்தும் நிற்பதில்லை. ஏற ஆள் இருந்தால்தான் நிற்கும். கப்பலும் அப்படித்தான். ஆழமும் அமைதியும் அதற்கு வேண்டும், ஆனால் அது வருவது சரக்குக்காக. அந்தச் சரக்கு எங்கே சேர்கிறது, ஏன் அங்கே சேர்கிறது என்று பார்த்தால் இலங்கையின் புவியியல் முழுவதும் அதற்குள் வந்துவிடும்.

முதலில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அளவில் சிறிய நாடுதான், இருக்கும் இடம்தான் பெரிய சொத்து. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. பல இடங்களில் ஆள் உயரத்துக்கும் குறைவான தண்ணீர். மீன்பிடிப் படகு போகலாம், சரக்குக் கப்பல் போக முடியாது. ஆகவே கொச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் கப்பல்கூட இலங்கையை முழுதாகச் சுற்றித்தான் போகிறது. அந்த இடத்தைத் தோண்டி வழி செய்யலாம் என்று 2005 ஜூலையில் சேதுசமுத்திரத் திட்டத்தை மதுரையில் தொடங்கி வைத்தார்கள். 2007-இல் உச்ச நீதிமன்றம் ராமர் பாலப் பகுதியில் தோண்டுவதற்குத் தடை போட்டது. அதோடு நின்றுவிட்டது. மலாக்கா நீரிணையிலிருந்து சூயஸ் கால்வாய்க்குப் போகும் கப்பல்களும் தீவின் தெற்கு முனையைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. இரண்டு போக்குவரத்தும் சேரும் இடம் தீவின் தெற்கு நுனி, தேவேந்திரமுனை. அங்கே கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் இரவு நேரத்தில் நின்று பாருங்கள். தொடுவானத்தில் ஒரு விளக்கு மறைவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒரு நெடுஞ்சாலையை ஓரத்தில் நின்று பார்ப்பது போல இருக்கும்.

இனிக் காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. வடக்கில் மீனவர்கள் இதைச் சோளகம் என்பார்கள். இந்த மாதங்களில் மேற்கு, தெற்குக் கரைகளில் கடல் கொந்தளிக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாடைக்காற்று, அப்போது கிழக்குக் கரையின் முறை. ஆக, பருவக்காற்று வீசும் மாதங்களில் தீவின் ஒரு பக்கம் கொந்தளிப்பாகவும் மறுபக்கம் அமைதியாகவும் இருக்கும். ஓதம், அதாவது கடல் நீர்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், மட்டும் இங்கே மிகச் சிறியது, ஒரு மீட்டருக்கும் குறைவு. வேறு பல நாடுகளில் பெரிய கப்பல் ஓதம் ஏறும் நேரத்துக்காகத் துறைமுகத்துக்கு வெளியே காத்துக் கிடக்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. கப்பல் கம்பெனிக்காரர்கள் இதைப் பெரிய வசதியாக எண்ணுகிறார்கள், வெளியில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

பழைய காலத்தில் நிலைமையே வேறு. பாய்மரக் கப்பலுக்கு அதிக ஆழம் தேவையில்லை. அதனால் பெரிய துறைகள் வடமேற்கிலும் வடக்கிலும் இருந்தன: மன்னார்ப் பக்கம் மாந்தை, யாழ்ப்பாணத்தில் சம்புத்துறை, ஊர்காவற்றுறை. மாந்தைக்கு அரபிக் கடல் பக்கத்துச் சரக்கும் வங்கக் கடல் பக்கத்துச் சரக்கும் வந்து கை மாறின. இன்றைக்குக் கொழும்பு செய்யும் வேலையை அன்றைக்கு மாந்தை செய்தது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 12-ஆம் நூற்றாண்டு. அதை முதன்முதலில் படித்தபோது ஆச்சரியப்பட்டுப் போனேன். வெளிநாட்டு வணிகர்கள் ஊர்காவற்றுறையில்தான் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு; வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. எண்ணூறு வருடத்துக்கு முந்தைய துறைமுகச் சட்டம், தமிழில். தென்மேற்குக் கரையிலுள்ள காலி என்ற ஊரில் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே வைத்த கல் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் பேசுகிறது. 1409 என்று தேதியிட்ட அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கடலில் வணிகம் செய்தவர்களுக்கு எந்தெந்த மொழி வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, கொழும்பு எப்படி மேலே வந்தது?

19-ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் வந்து நின்றது காலியில். கொழும்பில் அப்போது துறைமுகம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. திறந்த கடலில் நங்கூரம் போட்டு, சரக்கைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். சோளகம் பிடித்துவிட்டால் அதுவும் முடியாது. காலியிலோ வாயிலிலேயே பாறைகள். 1871-இல் ரங்கூன் என்ற நீராவிக் கப்பல் காலியை விட்டு வெளியேறும்போது பாறையில் மோதி மூழ்கிய பிறகு, இந்த இடத்தை நம்ப முடியாது என்ற பேச்சு வலுத்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1869 நவம்பரில், சூயஸ் கால்வாய் திறந்திருந்தது. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே வரும் கப்பல்கள் எல்லாம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றாமல் நேராக இந்தப் பக்கம் வரத் தொடங்கிவிட்டன. நிலக்கரி ஏற்ற அவற்றுக்கு வழியில் நல்ல நிறுத்தம் வேண்டும்.

காலியைச் சீர்ப்படுத்துவதா, கொழும்பில் புதிதாகக் கட்டுவதா, திருகோணமலைக்கே போய்விடுவதா என்று அப்போதே விவாதம் நடந்தது. கொழும்பு ஜெயித்ததற்குக் காரணம் கடலில் இல்லை, மலையில் இருந்தது. கண்டி மலைநாட்டில் கோப்பி விளைந்தது. அதைக் கீழே கொண்டுவர ரயில் பாதை போட்டார்கள். 1864-இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் ரயில், 1867-இல் கண்டி வரை. மாட்டு வண்டியில் வாரக்கணக்கில் வந்த மூட்டை ஒரே நாளில் கொழும்புக்கு வந்தது. சரக்கு ஏற்கனவே கொழும்பில் வந்து குவிகிறது என்றால், கப்பலையும் அங்கே வரவைப்பதுதான் கணக்கு. திருகோணமலைக்கு ரயில் போனது 1920-களின் கடைசியில். அறுபது வருடம் பிந்திவிட்டது.

1875 டிசம்பர் 8 அன்று வேல்ஸ் இளவரசர், பிற்காலத்தில் ஏழாம் எட்வர்ட் ஆனவர், கொழும்பு அலைதடுப்புச் சுவரின் முதல் கல்லை வைத்தார். வடிவமைத்தவர் சேர் ஜோன் கூட் என்ற பொறியியலாளர். மகர கற்குவாரியில் கைதிகள் உடைத்த கல் ரயிலில் வந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான அந்தத் தென்மேற்குச் சுவர் 1885-இல் முடிந்தது. அப்புறம் மற்றச் சுவர்களும் வந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுத் துறைமுகமாகிவிட்டது. ஜூன் மாதத்தில் ஒருநாள் கொழும்பின் காலி முகத்திடலில் நின்று பாருங்கள். அலை கரையில் மோதி வீதி வரை உப்புத் தூவும், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நிற்க வேண்டும். அதே நேரத்தில் சுவருக்கு உள்ளே கப்பல் ஆடாமல் அசையாமல் நிற்கும், பாரந்தூக்கி சரக்குப் பெட்டியை (கன்டெய்னரை) இறக்கிக்கொண்டிருக்கும். திருகோணமலைக்கு இயற்கை சும்மா கொடுத்த அமைதியைக் கொழும்பு கல்லால் கட்டி எடுத்துக்கொண்டது.

கோப்பியை இலை நோய் அழித்தது. அது இலங்கையில் முதலில் காணப்பட்டதும் சூயஸ் திறந்த அதே 1869 என்பது விந்தையான ஒற்றுமை. கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. 1883-இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. ஏலம் நடக்கும் ஊரில்தான் களஞ்சியம், தரம் பார்ப்பவர், வங்கி, காப்புறுதி, கப்பல் முகவர் எல்லாம் வந்து உட்கார்வார்கள். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்த பிறகு ஒரு துறைமுகத்தை இடம் மாற்றுவது என்பது ஒரு நகரத்தையே இடம் மாற்றுவது. இன்றைக்கும் நாட்டின் தொழிற்சாலைகளிலும் ஆடைத் தொழிலிலும் பெரும்பகுதி கொழும்பைச் சுற்றியுள்ள மேல் மாகாணத்திலும் அதற்கு அண்டிய இடங்களிலும்தான் இருக்கிறது.

இப்போது திருகோணமலைக்கு வருவோம், உங்கள் கேள்வியின் நெஞ்சு அங்கேதான் இருக்கிறது.

உட்துறைமுக வீதியில் மாலையில் நடந்தால் பக்கத்தில் இருப்பது கடல் என்றே தோன்றாது. குளம் போல அசையாமல் கிடக்கும் தண்ணீர், சுற்றிலும் பச்சை மேடுகள், தூரத்தில் ஒரு கப்பல் படம் வரைந்த மாதிரி நிற்கும். சோளகமானாலும் வாடையானாலும் உள்ளே அலை இல்லை. துறைமுகத்தின் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 1,630 ஹெக்டேர். கொட்டியாரக் குடாவுக்கு வெளியே கடலுக்கடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு ஓடுகிறது, 3,000 மீட்டருக்கும் மேல் ஆழத்துக்கு இறங்குகிறது. கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு ஆழம் உலகில் அபூர்வம். நீலத் திமிங்கிலம் கரையோரம் வருவதற்கும் அதுதான் ஒரு காரணம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லோரும் இதற்காகச் சண்டை போட்டதில் வியப்பில்லை.

ஆனால் அவர்கள் சண்டை போட்டது வணிகத்துக்காக அல்ல, கடற்படைக்காக. இரண்டும் வேறு வேறு தேவை. போர்க்கப்பலுக்குப் புயலிலும் எதிரியிடமும் ஒளிந்து நிற்க இடம் வேண்டும். பக்கத்தில் சந்தை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வங்கக் கடலின் இந்தியக் கரை முழுவதும் நீண்ட மணல் கரை, வாடைக் காலத்தில் பாய்மரப் போர்க்கப்பலுக்கு அங்கே ஒதுங்க இடமே கிடையாது. ஆகவே திருகோணமலையை வைத்திருப்பவன் வங்கக் கடலை வைத்திருப்பான் என்ற நிலை. 1942-இல் சிங்கப்பூர் விழுந்த பிறகு பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படைக்கு இது இன்னும் முக்கியமாகியது. அந்த வருடம் ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 1957 வரை பிரிட்டிஷ் கடற்படை இங்கேயே இருந்தது. கடற்படை உட்கார்ந்திருக்கும் இடத்தில் வணிகத் துறைமுகம் வளர்வது கடினம். நல்ல கரையெல்லாம் வேலிக்குள் போய்விடும். அதற்குப் பிறகு 1983 முதல் 2009 வரை போர். தொழிற்சாலை கட்ட யாரும் வரவில்லை.

அடுத்தது தூரம். நூல் ஒன்றை எடுத்து வரைபடத்தில் நீங்களே அளந்து பாருங்கள். சுமாத்திராவின் வடக்கு நுனியிலிருந்து தேவேந்திரமுனையைத் தாண்டி லட்சத்தீவின் மினிக்கோய்ப் பக்கமாகச் சூயஸ் நோக்கிப் போகும் கோட்டில், கொழும்புக்கு ஒதுங்கிப் போவதால் கூடுவது நாற்பது கடல் மைல் அளவுதான். இரண்டு மூன்று மணி நேரம். திருகோணமலைக்கு ஒதுங்கினால் நூற்றைம்பது கடல் மைலுக்கு மேல் கூடும், ஏறத்தாழ 10 மணி நேரம். பல்லாயிரம் பெட்டி ஏற்றிய கப்பலுக்கு 10 மணி நேர எரிபொருளும் வாடகையும் சாதாரணத் தொகை அல்ல. அங்கே ஏற்ற ஆயிரக்கணக்கில் பெட்டி காத்திருந்தால் வரலாம். காத்திருப்பதில்லை.

இதற்காகத் திருகோணமலை சும்மா கிடக்கிறது என்று நினைக்க வேண்டாம். பெட்டியில் அடைக்காத மொத்தச் சரக்குக்கு அது நல்ல துறை. அங்கே பெரிய மாவு ஆலை இருக்கிறது. கோதுமை கப்பலிலிருந்து நேராக ஆலைக்குள் போகிறது. சீமெந்து ஆலையும் அப்படித்தான். சீனக்குடாவில் பிரிட்டிஷார் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீட்டர் கொள்ளளவு. பல தாங்கிகளைக் காடு மூடிப் பல காலம் ஆகிவிட்டது. 2022 ஜனவரியில் செய்த ஒப்பந்தப்படி 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஆயிலின் இலங்கைக் கிளைக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பெனிக்கு.

கொழும்பில் என்னதான் நடக்கிறது என்று ஒரு பெட்டியைப் பின்தொடர்ந்து பார்ப்போம். தூத்துக்குடியில் பின்னலாடை ஏற்றிய நாற்பது அடிப் பெட்டி, ஹம்பர்க் போக வேண்டும். அந்த வழியில் ஓடும் பெரிய கப்பலை நாங்கள் மதர் என்போம். அதைத் தூத்துக்குடிக்கு வரவைக்கும் அளவுக்கு ஒரே வாரத்தில் அங்கே பெட்டி சேர்வதில்லை. ஆகவே சிறிய ஃபீடர் கப்பலில் ஏறி ஓர் இரவில் கொழும்புக்கு வருகிறது. இறக்கி, முற்றத்தில் ஐந்தாறு பெட்டி உயர அடுக்கில் வைக்கிறார்கள். அதே நாளில் சென்னையிலிருந்து, சிட்டகாங்கிலிருந்து, கொச்சியிலிருந்து, மாலேயிலிருந்து மற்ற ஃபீடர்கள் கொண்டுவந்த பெட்டிகள் பக்கத்தில் வந்து சேர்கின்றன. மதர் வந்ததும் எல்லாம் ஒரே கப்பலில் ஏறுகின்றன. சில சமயம் பெட்டி இறங்கிய முனையம் ஒன்று, மதர் நிற்கும் முனையம் வேறு. அப்போது துறைமுகத்துக்கு உள்ளேயே லொறியில் ஏற்றி மாற்ற வேண்டும். அந்த லொறி நெரிசலில் மாட்டி, கட்-ஆஃப் என்ற கடைசி நேரம் தவறி, மதர் போய்விட்டால் பெட்டி இன்னும் ஒரு வாரம் அங்கேயே தூங்கும். வாடிக்கையாளரின் அழைப்பு எனக்குத்தான் வரும். எத்தனையோ இரவுகளில் ஒரு லொறியின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வாயிலில் காத்து நின்றிருக்கிறேன்.

கொழும்பு கையாளும் பெட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இப்படி மாற்றி ஏற்றுபவை. இலங்கைக்கு வருவதும் இலங்கையிலிருந்து போவதும் மிச்சம் ஒரு பங்குதான். கொழும்பு மொத்தமாகக் கையாண்டது 2019-லும் 2021-லும் 72 இலட்சத்துக்கும் மேல், இருபதடிப் பெட்டிக் கணக்கில். இதில் இந்தியச் சரக்கின் பங்கு மிகப் பெரியது. இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். பெட்டி கொழும்புக்கு வருவது மற்றப் பெட்டிகள் கொழும்பில் இருப்பதால். மதர் வருவது பெட்டிகள் இருப்பதால். ஃபீடர் வருவது மதர் வருவதால். சந்தைக்கு ஆள் வருவது ஆள் வருவதால்தான் என்பது போல. இந்தச் சுழல் ஓடத் தொடங்கிவிட்ட இடத்தை விட்டு, பக்கத்தில் அதைவிட ஆழமான தண்ணீர் இருக்கிறது என்று சொல்லி யாரையும் நகர்த்த முடியாது.

ஆனால் ஆழம் போதாமல் போனால் சுழல் அறுந்துவிடும், அந்த ஆபத்து கொழும்புக்கும் வந்தது. கப்பல்கள் பெருத்துக்கொண்டே போயின. இப்போது 400 மீட்டர் நீளமும் 24,000 பெட்டிக் கொள்ளளவும் உள்ளவை ஓடுகின்றன. பழைய துறைமுகத்துக்குள் இவை திரும்ப இடமில்லை. அதனால் தெற்குப் பக்கத்தில் கடலுக்குள் ஏறத்தாழ 6.8 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய அலைதடுப்பு கட்டினார்கள், 2012-இல் முடிந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் கொடுத்தது. உள்ளே 18 மீட்டர் ஆழம். அங்கே முதல் முனையம் 2013-இல் திறந்தது. அதில் சீனாவின் சைனா மெர்சன்ட்ஸ் 85 சதவீதம், இலங்கைத் துறைமுக அதிகார சபை 15 சதவீதம். கிழக்கு முனையத்தை இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து நடத்துவதாக 2019-இல் ஒப்புக்கொண்டு, தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் 2021 பிப்ரவரியில் கைவிட்டார்கள். பதிலாக மேற்கு முனையம் இந்தியாவின் அதானி குழுமத்துக்கும் இலங்கைக் கம்பெனியான ஜோன் கீல்ஸுக்கும் துறைமுக அதிகார சபைக்குமான கூட்டாகி, 2025 ஏப்ரலில் வேலை தொடங்கியது. ஒரே அலைதடுப்புக்குள் சீனாவும் இந்தியாவும் பக்கத்துப் பக்கத்தில் பெட்டி இறக்குகின்றன. இருவருக்கும் இடம் கொடுத்தது இலங்கைக்கு நல்லதுதான் என்பது என் கருத்து.

தெற்குக் கரையிலுள்ள அம்பாந்தோட்டைக்கு வருகிறேன். 2008-இல் வேலை தொடங்கி 2010 நவம்பரில் திறந்தார்கள். நிலத்தை உள்ளே தோண்டிக் கட்டியது. கப்பல் பாதைக்கு 10 கடல் மைல் பக்கம், அந்த வகையில் கொழும்பையே மிஞ்சும் இடம். ஆனால் பின்னால் நகரமும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. ஆரம்ப வருடங்களில் துறை வெறிச்சோடிக் கிடந்தது. கொழும்பிலிருந்து வாகனக் கப்பல்களைக் கட்டாயப்படுத்தி அங்கே திருப்பித்தான் கொஞ்சம் வேலை கொடுத்தார்கள். 2017 டிசம்பரில் 99 வருடக் குத்தகைக்கு, 112 கோடி டொலருக்கு, சைனா மெர்சன்ட்ஸிடம் போனது. கடனுக்குப் பதிலாகத் துறைமுகத்தைப் பறித்துக்கொண்டார்கள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நடந்தது அப்படியல்ல. அந்தப் பணம் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, துறைமுகக் கடனை அரசு தொடர்ந்து கட்ட வேண்டியிருந்தது. இப்போது அங்கே வாகனங்களை மாற்றி ஏற்றுவதும் கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்புவதும் நடக்கின்றன. அதுதான் அந்த இடத்துக்குப் பொருத்தமான தொழில்: பாதையோரத்துப் பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் ஊர் தேவையில்லை.

சிறிய துறைகளில் ஒலுவிலைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அம்பாறைக் கரையில் டென்மார்க் கடன் உதவியில் கட்டி 2013-இல் திறந்தார்கள். கிழக்குக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே ஓயாமல் நகர்கிறது. குறுக்கே சுவர் கட்டினால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் இதே கதைதான். ஒலுவிலில் துறையின் வாயை மணல் மூடியது. வடக்கே தென்னந்தோப்பும் வயலும் கடலுக்குள் போயின. வணிகக் கப்பல் வரவேயில்லை, மீனவர் படகு நுழையவும் சிரமம். மணலின் போக்கைக் கேட்காமல் கட்டிய துறை அது. அங்கே நிலத்தை இழந்த குடும்பங்களை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது.

புத்தளம் பக்கம் நுரைச்சோலை அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி வருவது இன்னொரு பாடம். அங்கே அலைதடுப்புத் துறைமுகம் இல்லை. கப்பல் ஆழ்கடலில் நிற்க, தோணியில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். சோளகக் காலத்தில் அது முடியாது. ஆகவே முழு வருடத்துக்கான நிலக்கரியையும் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களுக்குள் வாங்கி இறக்கிவிட வேண்டும். வாங்குவது தாமதமானால் மழைக்காலத்தில் மின்சாரம் தடுமாறும். 150 வருடத்துக்கு முந்தைய கொழும்பின் நிலைமை இன்றும் அங்கே அப்படியே இருக்கிறது. வடக்கே காங்கேசன்துறை போரில் அடிபட்டுக் கிடந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் மறுபடி வந்தது. யாழ்ப்பாணத்துக்கு அது பெரிய ஆறுதல், ஆனால் பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது என்பதால் பெரிய சரக்குக் கப்பல் அங்கே வரப்போவதில்லை.

கொழும்பின் நிலை என்றைக்கும் மாறாதது என்று சொல்லமாட்டேன். 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதல் நடந்ததும் காப்புறுதிக்காரர்கள் போர் ஆபத்துக் கட்டணத்தை உயர்த்த, கப்பல்கள் கொழும்பைத் தவிர்த்தன. 2022-இல் டொலர் இல்லாமல் எரிபொருள் கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே நாள்கணக்கில் நங்கூரமிட்டு நின்றன. கரையில் மக்கள் வரிசையில் நிற்க, கண்ணுக்கெட்டும் தூரத்தில் எண்ணெய் நின்றது. மறுபக்கம், 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியபோது வழிகள் குழம்பி, கொழும்பில் பெட்டிகள் நிரம்பி வழிந்தன.

இப்போதைய போட்டி விழிஞ்ஞம். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில், பாதையிலிருந்து 10 கடல் மைல், தோண்டாமலேயே 18 மீட்டருக்கும் மேல் ஆழம். 2024 ஜூலையில் முதல் பெரிய கப்பல் வந்தது, 2025 மே 2 அன்று முறைப்படி திறந்தார்கள். அதானி குழுமம்தான் அதையும் நடத்துகிறது. கொழும்பில் ஏறும் இந்தியப் பெட்டிகளைத் தன் பக்கம் இழுப்பதே அதன் நோக்கம். கொழும்பின் பலம் எல்லாத் திசைக்கும் ஃபீடர் இருப்பது. விழிஞ்ஞத்துக்கு அது வளரச் சில வருடம் பிடிக்கும். அதற்குள் கொழும்பு தன் முனையங்களுக்கு இடையிலான அந்த லொறி நெரிசலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

திருகோணமலையைப் பெட்டித் துறைமுகமாக்கிக் கொழும்போடு மோதவிடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதன் முகம் வங்கக் கடலைப் பார்த்திருக்கிறது. எண்ணெய், கோதுமை, சீமெந்து, கனிமம், கப்பல் பழுதுபார்ப்பு: ஆழமும் அமைதியும் பரந்த நிலமும் வேண்டும், வாராவாரம் மதர் வேண்டியதில்லை என்ற தொழில்கள் அங்கே போக வேண்டும். தாங்கிகளின் துருவைச் சுரண்டி, குழாய் போட்டு, ஹபரணை வழியாக ரயிலையும் வீதியையும் சீராக்குவதில் தொடங்கலாம்.